சொல்லால் இயன்ற ஆடுகளத்தில் கூற்றும் கேட்போரும்

ஆட்டம் உடலுக்கு உரியது. செய்யுள் சொல்லுக்கு உரியது. இரண்டும் கலந்து நிகழும் கூத்திலும்கூட ஆடுவோன் உடலும் பாடுவோன் சொல்லும் வேறு பிரித்து அறியத்தக்கனவாகவே நிற்கும். ஆயின், சொல் ஒன்றே உடலாகவும் களமாகவும் கருவியாகவும் அமைந்த ஆட்டம் ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மேலைநாடுகளில் ஆடப்பட்டு வருகின்றது. 'மட்' என்னும் சுருக்கப் பெயரால் அதனை வழங்குவர். கணிப்பொறித் துறையினரும் சமூகவியலாரும் உளவியலாரும் அதனை மிகுதியாக ஆராய்ந்துள்ளனர். கூற்று இன்னது, கேட்போர் இன்னார், மெய்ப்பாடு இஃது என வகுத்துப் பயின்ற இலக்கிய மாணவர் அதன்பால் கண் செலுத்தியது குறைவு. அவ்வாட்டத்தை நடத்துவோரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்கினை இலக்கிய நெறி பற்றி நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. ஆடுநர் தாம் ஏற்ற பாத்திரத்தில் தோய்ந்து ஆடுவதில்லை. அவரைத் தோய்ந்து ஆடச் செய்வது எங்ஙனம் என்பதே அவ்வழக்கு.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பல ஊர்களில் உள்ளார் பலர் ஒரு கணிப்பொறியோடு தொடர்பு கொள்வர். அப்பொறியுள் ஓர் உலகம் சொற்களால் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வோர் இடத்தையும் 'அறை' என்பர். காடாயினும் கடலாயினும் அதுவும் அறையே. அறையுள் புகுந்தவர்க்கு அதன் வருணனை திரையில் தோன்றும்; அங்குள்ள பிற ஆடுநரின் பெயர்களும் தோன்றும். 'வடக்கே செல்', 'விளக்கை எடு' என ஏவல் வினைகளை எழுதினால் பொறி அவற்றை நிறைவேற்றி, நிகழ்ந்ததைச் சொற்றொடராக்கித் திருப்பித் தரும். ஓவியம் இல்லை, ஒலி இல்லை. அறையில் இருப்பவர் எல்லாரும் ஒருவர் எழுதியதை அப்பொழுதே படிப்பர்.

இவ்வகையின் வரலாறு ஈண்டு விரிவாக வேண்டுவதன்று. அமெரிக்காவில் வில் கிரௌதர் அமைத்து, 1977இல் டான் வுட்ஸ் விரித்த குகை ஆட்டம் ஒருவர் மட்டுமே ஆடுதற்குரியது. பலர் ஒருங்கே புகும் உலகினை 1978இல் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா தொடங்கினார். 1980இல் உடன்பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் அதனை ஏற்று நிறைவாக்கினார். அவ்வுலகில் பொருள்களைத் தேடிக் கண்டு ஒரு சதுப்பு நிலத்தில் இட்டால் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் பெருகப் பெருக நிலை உயரும். முடிவில் மந்திரவாதி ஆகலாம். சதுப்பில் புதையலை எறிந்து புள்ளி பெறுதல் என்பது சற்று நகைப்பிற்கு இடமானதுதான். ஆயினும் இதனை நினைவில் கொள்க. பின்னர் இதற்குப் பயன் உண்டு.

1989 ஆகஸ்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் 'டைனிமட்' என ஒன்றைத் திறந்தார். அதில் போர் இல்லை. புள்ளிநிலைப் போட்டி இல்லை. வருவோர் யாரும் புதிய அறைகளை எழுதிச் சேர்க்கலாம். 1990 ஏப்ரலில் அது மூடப்பட்டது. ஆயினும் அதன் வழித்தோன்றல்கள் பல. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நடுவத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் அமைத்த 'லாம்டாமூ' அவற்றுள் தலையாயது. இதற்கு எதிர்நிலையில், கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் ஐவர் 1991இல் வெளியிட்ட 'டிக்குமட்' போரையும் நிலையுயர்வையுமே நடுவாகக் கொண்டது. ஒன்று பேச்சுக்குரிய உலகு. மற்றொன்று வினைக்குரிய உலகு. பாத்திரமேற்று ஆடுதல் இவ்விரண்டிலும் தானே விளைந்ததன்று. முன்னதில் ஆடுநர் தம் சொந்த வாழ்க்கையையே பேசினர். பின்னதில் பேசவே நேரமின்றிப் பகைகொன்று திரிந்தனர்.

இனி, இவ்வாட்டத்தின் தொடரமைப்பை நோக்குவோம். ஆராய்ந்தார் பலரும் இதனை விரைந்து கடந்து சென்றனர் என்பது என் எண்ணம்.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடமும் இவ்வாட்டத்தில் புதியதொரு முறையில் இயங்குகின்றன. டைனிமட் வழிவந்த உலகுகளில் ஆடுநர் ஒருவர் 'வருக' என்று சொல்ல விரும்பி அதற்குரிய ஏவலை எழுதினார் எனக் கொள்க. அவர் திரையில் 'நீ, வருக எனச் சொல்கின்றாய்' என்று தோன்றும். பிறர் திரையில் 'இன்னார், வருக எனச் சொல்கின்றார்' என்று தோன்றும். செயல் ஒன்று; அது செய்தார்க்கு முன்னிலை, கண்டார்க்குப் படர்க்கை. பொறியே இங்குக் கதைசொல்லி. ஆடுநரை நோக்கி அது 'நீ' என விளிக்கின்றது. மேற்கூறிய குகை ஆட்டத்திலிருந்தே இவ்விளி தொடர்ந்து வருகின்றது.

மற்றோர் ஏவல் உண்டு. அதனை 'எமோட்' என்றும் 'போஸ்' என்றும் வழங்குவர். முக்காற்புள்ளி ஒன்றை இட்டு 'புன்னகை செய்கின்றாள்' என எழுதினால், எழுதியவர் பெயர் எழுவாயாக முன்னே ஒட்டி, முழுத்தொடர் அனைவர் திரையிலும் ஒரே வகையாகத் தோன்றும். எழுதியவர்க்கும் அது படர்க்கையே. தம்மைத் தாமே பிறராகக் கண்டு எழுதும் நிலை இங்குப் பிறக்கின்றது. சொல்லும் ஏவலில் ஆடுநர் பேசுபவர்; இவ்வேவலில் அவர் புலவர். பாத்திரமேற்றல் என்னும் கலை இச்சிறு குறியில்தான் கருக்கொண்டது என்று துணிந்து கூறலாம்.

டிக்குமட் போன்றவற்றில் ஆயத்தத் தொடர்களும் உண்டு. 'புன்னகை' என ஒரு சொல் இட்டால், 'மகிழ்வோடு புன்னகை செய்கின்றாய்' என்னும் முழுத்தொடரைப் பொறியே தரும். வாய்பாட்டுத் தொடர்கள் இழிந்தன என்பது என் கருத்தன்று. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வு வாய்பாட்டின் ஆற்றலை நமக்கு நன்கு உணர்த்தியுள்ளது. ஆனால் பாணன் தன் வாய்பாட்டைத் தேர்ந்து ஓரிடத்தில் பொருத்துகின்றான். இங்கோ, அப்புன்னகை மகிழ்வோடு கூடியதா, வஞ்சம் மறைத்ததா என்பதைத் தேர்வு செய்வது பொறி. தன் பாத்திரத்தின் முகக்குறிப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டவர் அதில் தோய்வது எங்ஙனம்?

இந்நிலையில் பார்ட்டிலின் கொள்கைகளை ஆராய்தல் தகும். 1996இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஆடுநரை நான்கு வகைப்படுத்தியது: எய்துவோர், ஆராய்வோர், அளவளாவுவோர், கொல்வோர். சீட்டுக்கட்டின் நான்கு இனங்களை அவர் இந்நால்வர்க்கும் குறியாக்கினார். அப்பகுப்பு பெரும்புகழ் பெற்றது. ஆயின், பாத்திரமேற்று ஆடுவோர்க்கு அதில் தனியிடம் இல்லை. அளவளாவுவோரைப் பற்றிக் கூறுமிடத்தில், பிறரோடு உரையாடுதற்கு ஒரு சூழலாகப் பாத்திரமேற்றல் பயன்படுவதைக் குறித்துச் செல்கின்றார், அவ்வளவே. அப்பகுப்பு ஆடுநரின் நோக்கம் பற்றியது. பாத்திரமேற்றலோ நோக்கமன்று, முறை. எய்துவோன் ஒருவன் தன் பாத்திரத்தில் நின்று எய்தலாம், நில்லாதும் எய்தலாம். ஆதலின் இதனைக் குறையெனக் கூறாது எல்லையெனக் கூறுதலே நேர்மை. இப்பகுப்பை அளவுகோலாகக் கொண்டு, 'எம் உலகில் பாத்திரமேற்போர் இத்தனை பேர்' எனக் கணக்கிட முற்படுவோர்தாம் பிழைபடுகின்றனர்.

2003இல் வெளிவந்த அவரது நூலில் உள்ள கருத்தே நமக்கு முதன்மையானது. புனைவுலகில் அமிழ்தலை அவர் படிப்படியாகப் பகுக்கின்றார். முதற்படியில் உள்ளே இயங்கும் உரு வெறும் பாவை. ஆடுநர் 'அது' என்றே அதனைக் கருதுவர். அடுத்த படியில் அவ்வுரு ஒரு பாத்திரம். அதற்கெனப் பெயரும் பண்பும் உண்டு. ஆடுநர் அதன் சார்பில் செயல்படுவர். இறுதிப் படியில் பாத்திரம் என்னும் இடைவெளி நீங்கி ஆடுநர் தாமே அவ்வுலகில் நிற்பர். 'பெர்சோனா' என அவர் பெயரிட்டது இந்நிலையை. பாத்திரமேற்றல் இந்நிலைக்கு அழைத்துச் செல்லும் வழி. அஃது இலக்கன்று என்பது அவர் கொள்கை.

கருத்து நுட்பமானதே. எனினும் இதனை உடன்படுதல் இயலவில்லை. அவர் காட்டும் பாதை படர்க்கையில் தொடங்கித் தன்மையில் முடிகின்றது. எழுத்தால் ஆடும் உலகில் ஒருவர் நன்கு ஆடுந்தோறும் நிகழ்வது இதற்கு மாறானது. புதியவர் 'நான் செத்தேன்', 'எனக்கு வாள் வேண்டும்' எனத் தன்மையில்தான் எழுதுகின்றார். பயிற்சி முதிர முதிரத் தம் பாத்திரத்தைச் சற்று அகன்று நின்று காண்கின்றார். அது தாம் செய்யாததைச் செய்யவும், தாம் அறிந்ததை அறியாதிருக்கவும் இடம் தருகின்றார். அகப்பாட்டில் தோழி கூற்றை எழுதிய புலவன் தோழியாகிவிட்டான் என நாம் கொள்வதில்லை. தோழியின் சொல்லை அவன் கேட்டு எழுதினான் என்றே கொள்கின்றோம். நடிப்புப் பற்றித் தீதரோ எழுதி 1830இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த உரையாடலும் இதனையே வலியுறுத்தும்: அவையை அழச் செய்யும் நடிகன் தான் அழுவதில்லை. ஆகவே 'தோய்தல்' என்னும் சொல்லால் தன்னை மறத்தலைக் குறிப்போமாயின், நாம் ஆடுநரைத் தவறான திசையில் ஊக்குகின்றோம்.

அங்ஙனமாயின் தோய்தல் என்பது யாது? கேட்போரை மறவாமையே அது என்பேன். தொல்காப்பியர் செய்யுளியலில் கூற்றினை ஓர் உறுப்பாகவும் கேட்போரை மற்றோர் உறுப்பாகவும் வைத்தார். களனும் காலமும் முன்னமும் உடன்வைத்தார். இன்ன இடத்தில் இன்னார் இன்னார்க்குச் சொல்லத்தக்கது இது என உய்த்துணர வைப்பது முன்னம். எழுத்தாட்டத்தின் முழு இலக்கணமும் இவ்வொரு கருத்தில் அடங்கும். அரசவையில் நிற்கும் காவலன் கடைத்தெரு விலையைப் பேசினால் முன்னம் சிதைகின்றது. திரைக்குப் பின்னாலிருந்து ஆடுநர் தம் மின்தடையைப் பற்றிப் பேசினாலும் அஃதே சிதைகின்றது. இரண்டும் ஒரே பிழை; அளவில்தான் வேறுபாடு.

மெய்ப்பாட்டியலும் இங்குத் துணைசெய்யும். நகை முதலாக உவகை ஈறாக எண்ணப்பட்ட எட்டும், உள்ளத்து நிகழ்வது புறத்தார்க்கு உடல்வழிப் புலப்படும் நிலைகள். மேலைநாட்டு எழுத்தாட்டங்களில் அனுபவமுடையோர் புதியவர்க்குக் கூறும் அறிவுரைகளுள் முதன்மையானது, 'பிறர் காணக்கூடியதை மட்டும் எழுதுக' என்பது. இரண்டு நெறியும் ஒன்றே ஆதலைக் காண்க. எடுத்துக்காட்டாக நாமே சில தொடர்களை அமைத்து நோக்குவோம். வழிப்போக்கன் ஒருவன் சத்திரத்தை அடைகின்றான். ஆடுநர் எழுதுகின்றார்: 'வழிப்போக்கன், முன்னொரு போரில் இறந்துபட்ட தன் தம்பியை நினைந்து உள்ளம் வெதும்பிக் கதவருகில் நிற்கின்றான்.' இதில் உணர்ச்சி உண்டு; பாத்திரத்திற்கு ஒரு கடந்தகாலமும் உண்டு. ஆயினும் அங்கிருக்கும் சத்திரத் தலைவி இதற்கு மறுமொழி கூறுதல் அரிது. தம்பி இறந்ததை அவள் எப்படி அறிவாள்? அறிந்ததாகப் பேசினால் அவள் பாத்திரம் கெடும். அறியாததாகப் பேசினால் இவர் எழுதியது வீணாகும். மாறாக இப்படி எழுதியிருப்பின்: 'வழிப்போக்கன் கதவருகில் நிற்கின்றான். சுவரில் தொங்கும் பழைய வாளைப் பார்க்கின்றான். உடனே பார்வையைத் திருப்பிக்கொள்கின்றான்.' சொற்கள் எளியன. உணர்ச்சி பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆனால் தலைவி, 'ஐயா, அவ்வாளை முன்பே அறிவீரோ?' என வினவலாம். வினவினால் ஆட்டம் தொடங்கிவிட்டது. முதல் தொடர் தனக்கே எழுதப்பட்டது. இரண்டாவது கேட்போர்க்கு எழுதப்பட்டது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 'வழிப்போக்கன் உள்ளே நுழைகின்றான். அவனைக் கண்டதும் சத்திரத் தலைவி அஞ்சி நடுங்குகின்றாள்.' இங்கு நடுங்கியது தலைவி. எழுதியவரோ தலைவியின் ஆடுநர் அல்லர். அவள் அஞ்சினாளா என்பதை உரைக்கும் உரிமை அவளை ஏற்றவர்க்கே உண்டு. படர்க்கைத் தொடரின் இடர் இதுதான்: தன்மையில் ஒருவர் தம்மைப் பற்றி மட்டுமே கூற இயலும்; படர்க்கையிலோ யாரும் யாரையும் எழுவாயாக்கலாம்.

இதனைச் சிறு ஒழுங்கின்மை என எண்ணுவோர் 1993இல் லாம்டாமூவில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், பலர் கூடியிருந்த அறையொன்றில் ஓர் ஆடுநர், பிறர் எழுதாத செயல்களை அவர்கள் செய்வதாகத் தோற்றுவிக்கும் நிரல் ஒன்றைப் பயன்படுத்தி, பிறர் பாத்திரங்கள் சிலவற்றின் பெயரால் இழிந்த பாலியல் வன்செயல்களை எழுதிக் காட்டினார். ஒருவர் உடலையும் அவர் தொடவில்லை. அவர் இட்டவை சொற்றொடர்கள் மட்டுமே. ஆனால் அத்தொடர்களின் எழுவாய் பிறருடையது. அந்நிகழ்ச்சியை ஜூலியன் டிபெல் அவ்வாண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதினார். பாதிக்கப்பட்ட ஒருவர் பின்னர் அதனைப் பற்றி எழுதுகையில் கண்ணீர் வடித்தார் என அவர் குறிக்கின்றார். பொது மன்றத்தில் நெடிய வாதம் நிகழ்ந்தது. முடிவு காணாமலேயே கூட்டம் கலைந்தது. பின்னர் மேற்பார்வையாளர் ஒருவர் தம் பொறுப்பில் அப்பாத்திரத்தை நீக்கினார். அதன் பயனாக, ஆடுநர் விண்ணப்பமிட்டு வாக்களித்து முடிவு செய்யும் முறையினைக் கர்ட்டிஸ் அவ்வுலகில் ஏற்படுத்தினார்.

இந்நிகழ்ச்சியைச் சட்டவியலாரும் அறவியலாரும் பலபடப் பேசியுள்ளனர். இலக்கிய மாணவர்க்குத் தோன்றுவது வேறு. பாத்திரத்திற்கும் ஆளுக்கும் இடையே வேறுபாடு உண்டாதலின் காயம் இல்லை என்று வாதித்தோரும், வேறுபாடே இல்லையாதலின் காயம் உண்டு என்று வாதித்தோரும் ஒருசேரத் தவறினர். வேறுபாடு உண்டு, காயமும் உண்டு. தாம் படைத்ததொன்றின் வாயைப் பிறர் பற்றிக்கொண்டு பேசுதல் படைத்தவரைப் புண்படுத்தும். அப்படைப்பு அவரேயாதல் வேண்டுவதில்லை. ஆகவே பாத்திரத்தில் தோய்ந்து ஆடுமாறு ஒருவரை ஊக்குமுன், அவர் எழுவாய் அவர்க்கே உரியது என்னும் காப்பினை முதலில் தருதல் உலகை நடத்துவோர் கடமை. காப்பற்ற இடத்தில் தோய்ந்து ஆடு என்பது கொடுமை. நல்ல உலகுகளில் வழங்கும் ஒரு மரபு இதற்கு எடுத்துக்காட்டு: பிறர்மேல் செல்லும் செயலை முயற்சியளவில் எழுதி நிறுத்தி, அதன் பயனைப் பெறுவோர் எழுதுமாறு விடுவர். 'கையைப் பற்றுகின்றான்' என எழுதாது 'கையைப் பற்ற நீட்டுகின்றான்' என எழுதுவர். வினை முற்றாமல் நிற்பதால்தான் ஆட்டம் இருவர்க்கும் பொதுவாகின்றது.

இனி ஊக்கும் வழிகளைக் காண்போம். புள்ளி தருதல் ஒரு வழி. நன்கு பாத்திரமேற்றவர்க்குப் பிற ஆடுநர் வாக்களிக்க, வாக்குக்கு ஏற்ப நிலை உயரும்படி அமைத்த உலகுகள் பல. என் மதிப்பீட்டில் இவ்வழி தன்னையே தோற்கடிப்பது. எசெக்ஸ் உலகின் சதுப்பு நிலத்தை நினைக. அங்குப் புதையலை எறிந்து புள்ளி பெற்றனர். இங்கு அழுகையையும் உவகையையும் எறிந்து புள்ளி பெறுகின்றனர். பொருள் மாறியதேயன்றிச் செயல் மாறவில்லை. வாக்குக்கு ஆடுவோர் எழுத்து விரைவில் நீளும். ஒரு கதவைத் திறக்கப் பத்து வரி வேண்டும். அருகிலிருப்பவர் தம் முறை வரும்வரை காத்திருந்து சோர்வர்.

விதியால் கட்டுதல் மற்றொரு வழி. 1991இல் தொடங்கிய 'ஆர்மகெடான்' என்னும் பாலைநில உலகு இதில் உறுதியாக நின்றது. பாத்திரமேற்றல் அங்குக் கட்டாயம். புதிய பாத்திரத்தின் வருணனையையும் வரலாற்றையும் எழுதி மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் பெற்ற பின்னரே புக இயலும். இறந்த பாத்திரம் மீளாது. பல திங்கள் வளர்த்த ஒன்று ஒரு நொடியில் முடிந்துவிடும். நம்பிக்கைக்கு உரியவர் எனக் காணப்பட்டார்க்கே மந்திரம் முதலிய அரிய வகைகள் திறந்துவிடப்பட்டன. இவற்றுள் எது தோய்தலை வளர்த்தது? கட்டாயம் என்னும் விதியன்று எனத் துணிகின்றேன். மீளா இறப்பே அச்சத்தை மெய்ப்பாடாக்கிற்று. புள்ளியுலகில் 'அஞ்சுகின்றான்' என எழுதுபவர் அஞ்சத் தேவையில்லை, மறுகணம் உயிர்த்தெழுவார். பாலை உலகில் அவ்வாறு எழுதுபவர்க்கு இழப்பதற்கு ஒன்று உண்டு.

அவ்வுலகின் பிறிதொரு அமைப்பு நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது. எதிரே வரும் பாத்திரத்தின் பெயரைப் பொறி காட்டாது. ஆளின் தோற்றம் பற்றிய சிறு தொடரையே காட்டும். 'வடுமுகத்து நெடிய மனிதன்' என்பது போல்வது அது. பெயர் அறிய வேண்டின் கேட்டுத்தான் அறிதல் வேண்டும். சொன்ன பெயர் மெய்யோ பொய்யோ! அகத்திணையில் ஒருவர் இயற்பெயர் சுட்டப்பெறாமை நாம் அறிந்த மரபு. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் மிகைபடக் கூறலாகும்; அங்குப் பெயரின்மை பொதுமையின் பொருட்டு, இங்கு அறிமுகம் நிகழ்தற்பொருட்டு. ஆயினும் பெயரை நீக்கியவுடன் கூற்று உயிர்பெறுகின்றது என்பது இரண்டிற்கும் பொது. பெயர் திரையில் முன்னரே எழுதப்பட்டிருந்தால் 'நீவிர் யாவிர்?' என்னும் வினாவுக்கே இடமில்லை.

பொறி பேசும் மொழியையும் கருதுதல் வேண்டும். டிக்குமட் பிறர் உடல்நிலையை, சிறு கீறல்கள் உடையவர், பெரும் புண்கள் உடையவர் என்றாற்போலச் சொல்லால் காட்டிற்று. தம் உடல்நிலையையோ எண்ணால் காட்டிற்று. அதனால் காயம்பட்ட வீரன், 'எனக்கு இருபது எஞ்சியுள்ளது' என்று தோழனிடம் கூறலானான். நூலாசிரியனே எண்ணால் பேசும்போது பாத்திரத்தை மட்டும் சொல்லால் பேசு எனல் முறையன்று. ஆடுநரைக் குறைகூறும் மேற்பார்வையாளர் பலர் தம் பொறியின் மொழியைத் திருத்த முற்படுவதில்லை.

கோலரிட்ஜ் 1817இல், கவிதை கற்போர் தம் நம்பாமையை விரும்பி ஒதுக்கிவைப்பர் என்றார். டோல்கீன் 1939இல் ஆற்றிய உரையில் இதனை மறுத்தார். படைப்பாளன் திறம் நிறைந்தவனாயின் அவன் உலகினுள் மனம் இயல்பாக நம்பும், நம்பாமை எழுந்தால் கலை தோற்றது என்பது பொருள் என்றார். எழுத்தாட்டத்திற்கு டோல்கீன் கூற்றே பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. அவர் கருதிய உலகிற்குப் படைப்பாளன் ஒருவன். இவ்வுலகிற்கு உள்ளிருப்போர் அனைவரும் படைப்பாளர். ஆதலின் ஒருவர் தோய்வதும் தோயாமையும் அவர் கையில் மட்டும் இல்லை. அருகிலிருப்பவர் கையிலும் உள்ளது.

புதியவர் ஒருவர் கொல்லன் பட்டறையுள் வந்து, 'வாள் எத்தனை புள்ளி? எந்த ஏவல் இட வேண்டும்?' என வினவுகின்றார் எனக் கொள்க. 'பாத்திரத்தில் நின்று பேசுக' எனக் கண்டிப்போர் உளர். அவர் விதியைக் காத்தனர், ஆளை இழந்தனர். வேறொருவர், கொல்லனாக நின்று, உலையை ஊதிக்கொண்டே, 'தம்பி, வெளியூரோ? அங்கே தொங்கும் பட்டியலைப் படித்துப் பார். வேண்டியதைச் சொல்' என்கின்றார். அவ்வுலகில் 'பட்டியல்' என்பதே உரிய ஏவலாதலின், வினாவிற்கு விடையும் கிடைத்துவிட்டது. புதியவர் விதி எதனையும் கற்கவில்லை. ஆனால் அவரை ஒருவர் ஓர் உலகத்து மனிதராக ஏற்றுப் பேசினார். அடுத்த தொடரை அவர் எப்படி எழுதுவார் என்பது கூறாமலே விளங்கும். உண்மையிலேயே பொறியைப் பற்றிய ஐயமாயின் அதற்கெனப் பாத்திரத்துக்குப் புறம்பான தனி வழி இருத்தல் நன்று. அவ்வழியை அறவே மூடிய இடங்களில் ஐயங்கள் பாத்திரத்தின் வாய்வழியே கசிந்து களத்தைக் கெடுத்தன.

கேட்போரை மறவாமையே தோய்தல் என்றேன். இதற்கு ஓர் ஐயம் எழலாம். மேற்கூறிய ஆர்மகெடானில் 'எண்ணு' என ஓர் ஏவல் இருந்தது. அதனால் எழுதப்படுவது பாத்திரத்தின் உள்ளக் கருத்து. அறையில் நிற்கும் பிறர்க்கு அது புலப்படாது. பாலையில் தனியே நடக்கும் பாத்திரத்தின் பெயரால், யாரும் காணாத தொடர்களை ஆடுநர் எழுதிச் சென்றனர். கேட்போர் இல்லாத இக்கூற்று யாருக்கு? அகமரபில் இதற்கு இடமுண்டு. தலைவன் சுரத்திடை நின்று தன் நெஞ்சை நோக்கிப் பேசுவான். திருக்குறளில் தலைவி நெஞ்சொடு கிளக்க ஓர் அதிகாரமே அமைந்தது. அங்கு நெஞ்சும் ஒரு கேட்போராக எதிரே நிறுத்தப்படுகின்றது. 'நெஞ்சே' என விளிக்கவும் படுகின்றது. எழுத்தாட்டத்து எண்ணக் கூற்றில் அவ்விளி இல்லை. ஆடுநர் எழுதிய சொல்லைப் பொறி அவர்க்கே திருப்பிக் காட்டுகின்றது. மேற்பார்வையாளர் சிலர் ஒருகால் அதனைப் படிக்கலாம், படியாமலும் போகலாம். படிப்பார் உண்டோ இல்லையோ என்னும் அந்நிலையிலும், தன் வழிப்போக்கன் தம்பியை நினைந்தான் என்பதை ஒருவர் அங்குதான் எழுதுதல் தகும், கதவருகில் அன்று.